கே.கே.பட்டி டு மயிலாப்பூர்: அம்மா கேட்ட முதல் கச்சேரி!

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி. கம்பம் பக்கம் யாரும் முழுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், கே.கே.பட்டிதான். சுற்றிலும் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கம்பம் பன்னீர் திராட்சை.

பந்தலுக்குக் கீழே அம்மா வேலை பார்க்கும்போது கம்பியில் ஒரு சின்ன ரேடியோ தொங்கும். கொடைக்கானல் எஃப்.எம். அதில் வரும் பாட்டோடு சேர்ந்து அம்மாவும் பாடுவார். பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டி என்றாலே முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவராம். பத்தாவதோடு படிப்பு நின்றது, கல்யாணத்தோடு மேடையும் நின்றது. நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு தடவ நேர்ல உக்காந்து கச்சேரி கேக்கணும்டி."

"பாட்டு கேக்க அம்புட்டு தூரமா? கவாத்து வேல கெடக்கு" என்றார் அப்பா. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். கோயம்பேடு மார்க்கெட்டை அவருக்குக் காட்ட வேண்டும். அவர் தோட்டத்துப் பழம் எத்தனையோ முறை போன ஊர், அவர் போனதில்லை.

போன மார்கழியில் ஒரு செவ்வாய் இரவு தேனியில் ரயில் ஏறினார்கள். மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடிய பிறகு பல வருடம் எங்களுக்கு ரயிலே கிடையாது. 2023 ஜூனில்தான் போடியிலிருந்து சென்னைக்கு நேர் ரயில் வந்தது, வாரத்துக்கு மூன்று நாள். புதன் காலை சென்ட்ரலில் இறங்கியதும் அம்மாவின் முதல் கேள்வி, "கச்சேரி எத்தன மணிக்கு?"

கச்சேரி மறுநாள்தான். திருவல்லிக்கேணி லாட்ஜில் பையை வைத்துவிட்டு எழும்பூர் அருங்காட்சியகம் போனோம். (வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம்.) 1851-ல் தொடங்கியது. செப்புத்திருமேனிகள் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் அப்பா ரொம்ப நேரம் நின்றார். பிரெஞ்சு சிற்பி ரோடின் இந்தச் சிலையின் புகைப்படங்களைப் பார்த்தே உருகி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் என்றேன். "போட்டோவப் பாத்தேவா?" என்றவர், சிலையின் தூக்கிய காலைத் திரும்பவும் பார்த்தார். மாலையில் மெரினா. சுண்டல், உப்புக்காற்று, நனைந்த சேலை. அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

வியாழன் விடியற்காலை மயிலாப்பூர். பாபநாசம் சிவன் மார்கழிதோறும் பஜனை பாடி நடந்த மாட வீதிகளில் கோலம் பார்த்துக்கொண்டே நடந்தோம். கபாலீஸ்வரர் கோயில் முடித்து, மதியக் கச்சேரிக்கு ஒரு சபா வாசலுக்குப் போனபோதுதான் அம்மா நின்றுவிட்டார்.

உள்ளே போகிற பெண்களின் பட்டுப்புடவைகளைப் பார்த்தார். தன் நூல் சேலையைப் பார்த்தார். "நம்மள விடுவாங்களாத்தா? நீ மட்டும் போயிட்டு வாயேன்."

ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவருக்குக் கடைசிப் பத்தடி முடியவில்லை. பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. யாரும் எதுவும் கேட்கவும் போவதில்லை. ஆனால், தடுப்பது காசு இல்லை என்பதை அந்த வாசலில்தான் பார்த்தேன். 1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடு நடந்து, அடுத்த வருடம் மியூசிக் அகாடமி பிறந்து வளர்ந்த சீசன் இது. யுனெஸ்கோ 2017-ல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. அம்மா மாதிரி ஒருவர் வாசலிலேயே தயங்கி நிற்பதைப் பற்றி அந்த அறிவிப்பு என்ன செய்ய முடியும்? நான் எதுவும் விளக்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நடு வரிசையில் உட்காரவைத்தேன்.

பாடியது என் வயதுப் பெண். முதல் இரண்டு பாட்டும் தெலுங்கு. அப்பா கண்ணை மூடினார், ரசித்து அல்ல. மூன்றாவதாக அந்தப் பெண் வார்த்தையே இல்லாமல் ஒரு ராகத்தை மெல்ல இழுக்கத் தொடங்க, அம்மா நிமிர்ந்தார்.

"ஏடி, இது 'கவிக்குயில்' படத்துல பாலமுரளிகிருஷ்ணா பாடுனதுல்ல?"

பக்கத்து சீட் மாமி திரும்பினார். எனக்குப் பகீரென்றது. மாமியோ, "அதே ராகம்தான்மா, ரீதிகௌளை. எங்கே கத்துண்டேள்?" என்றார்.

"ரேடியோல" என்றார் அம்மா. அந்தப் பாட்டுக்கு இசையமைத்த இளையராஜாவின் பண்ணைப்புரம் எங்கள் பக்கம்தான் என்பதையும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார். அப்புறம் கச்சேரி முடியும்வரை மாமி தொடையில் போட்ட தாளத்தை அம்மாவின் விரல்கள் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துப் பின்தொடர்ந்தன.

கேன்டீனில் அப்பா விழித்துக்கொண்டார். அவருக்கு எல்லாக் கணக்கும் திராட்சையில்தான். பில்லைப் பார்த்து, "மூணு பேர் டிபனுக்கு ஒரு பெட்டிப் பழமா!" என்றார். ஆனால், மறுநாளும் அங்கேயே போகலாம் என்றதும் அவர்தான்.

"தமிழ்ல பாட மாட்டாங்களா?" என்ற அவரது கேள்வி புதிதல்ல. தமிழ்ப் பாட்டைக் கடைசியில் துக்கடாவாக மட்டும் பாடுவதா என்று 1940-களில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ராஜா அண்ணாமலை செட்டியார் 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது அதனால்தான். அதன் ராஜா அண்ணாமலை மன்றம் பாரிமுனையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே இசை விழா நடக்கும். அன்று மாலை அங்கே போனோம். வார்த்தை புரிந்ததும் அப்பா தூங்கவில்லை. கச்சேரி பிடிக்காதவர் என்று வீட்டில் யாரையாவது ஒதுக்கி வைத்திருந்தால், ஒருமுறை இங்கே கூட்டிப்போய்ப் பாருங்கள்.

வெள்ளி காலை முதல் மெட்ரோவில் கோயம்பேடு. அப்பா யாரிடமும் தன்னை விவசாயி என்று சொல்லிக்கொள்ளவில்லை. கடை கடையாக நின்று பன்னீர் திராட்சை விலை கேட்டார். தோட்டத்தில் வியாபாரி கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். "லாரி வாடக, கூலி, கமிஷன், அழுகல் எல்லாம் இருக்குல்ல" என்று அவரே சமாதானமும் சொன்னார். அன்று மதியம்வரை அதிகம் பேசவில்லை.

இரவு சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருந்தபோது போனில் 'மார்கழியில் மக்களிசை' வீடியோக்களைக் காட்டினேன். 2020-லிருந்து பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடையேறும் நிகழ்ச்சி. "ஒப்பாரிய மேடையிலயா?" என்று அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. சுற்று வட்டாரத்தில் எங்கே துட்டி என்றாலும் அம்மாச்சியைத்தான் கூப்பிடுவார்கள். "எங்கம்மா பாட்ட நீயாச்சும் ரெக்கார்டு பண்ணி வையி" என்றார். பொங்கலுக்குப் போகும்போது செய்ய வேண்டும்.

பிறகு, பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்தார். சபாவில் அந்த மாமி எழுதிக் கொடுத்தது. அவர் பேத்திக்கு போனிலேயே பாட்டு சொல்லித்தரும் டீச்சரின் நம்பர்.

"நாப்பத்தாறு வயசுல கத்துக்கலாமாம்" என்றார், என்னைப் பார்த்து அல்ல, அப்பாவைப் பார்த்து.

ரயில் பிளாட்பாரத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அப்பா பைகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"மாசத்துக்கு எத்தன கிலோ ஆகும்?"