காசு வாங்க வருகிறவன் நம்மிடம் காசு கேட்க மாட்டான்



கொஞ்சம் நீளமான பதிவு. போன மாதம் நம் தட்டாஞ்சாவடியில் ஒரு வீட்டில் 9,200 ரூபாய் கையை விட்டுப் போக இருந்து, கடைசி நேரத்தில் தப்பியது. அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு, வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

"வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய் நாணயம் உங்களிடம் இருக்கிறதா? பத்து லட்சம் கிடைக்கும்!" இந்தச் செய்தி உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். எனக்கு மூன்று குரூப்பில் வந்தது. அதில் ஒன்று நம் சொந்தக்காரர்கள் குரூப். அனுப்பியவர் யார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும்!

ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் பக்கம் காய்கறிக் கடை போட்டிருக்கும் பெண் ஒருத்தி, எட்டாம் வகுப்பு வரை என்னிடம் தமிழ் படித்தவள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம். ஒரு நாள் காலையில் நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, "டீச்சர், ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். சுருக்குப்பையிலிருந்து பஞ்சில் சுற்றிய ஒரு 10 ரூபாய் நாணயத்தை எடுத்துக் காட்டினாள். யாரோ வெங்காயம் வாங்கிவிட்டுக் கொடுத்த காசு. அம்மன் படம், 2012 என்ற ஆண்டு.

"ஆறு லட்சத்துக்குக் கேக்கறாங்க டீச்சர். பாப்பாவுக்கு நர்சிங் ரெண்டாம் வருஷ ஃபீஸ் கட்டணும். இது அம்மாவே கொடுத்ததுன்னு நினைச்சேன்."

இணையத்தில் படம் போட்டிருக்கிறாள். அன்று மாலையே ஒருவன் பேசியிருக்கிறான். முதலில் பதிவுக் கட்டணம் 850 ரூபாய் கேட்டான், அனுப்பிவிட்டாள். அடுத்து ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு சான்றிதழ் போனில் வந்தது. இப்போது ஜி.எஸ்.டி. என்று 9,200 ரூபாய் கேட்கிறான். சீட்டுப் பணம் எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். மூன்று இடத்தில் எழுத்துப் பிழை. சிவப்பு மைப் பேனா இருந்திருந்தால் அங்கேயே வட்டம் போட்டிருப்பேன்.

ஏமாற்று வேலை என்று எடுத்தவுடனே சொன்னால் அவளுக்கு மனசு ஆறாது. அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன். "தக்காளி வாங்க வர்றவங்க, முதல்ல நீ எனக்குப் பணம் கொடு, அப்புறம்தான் தக்காளி வாங்குவேன்னு சொல்வாங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "லட்சக்கணக்குல தர்றவங்க வேற மாதிரி நடந்துப்பாங்கன்னு நினைச்சேன் டீச்சர்."

இந்த வார்த்தையை வைத்துத்தான் அந்தக் கூட்டம் பிழைக்கிறது. பெரிய பணத்தின் நடைமுறை நமக்குத் தெரியாது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். காய்கறியானாலும் காசானாலும் வியாபாரம் ஒன்றுதான். வாங்குகிறவன் பணம் தர வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு காந்தி வீதிச் சந்தைக்குப் போனேன். அங்கே பழைய காசு பரப்பி விற்கும் ஒரு பெரியவரிடம் நாணயத்தை நீட்டினோம். அவர் கையில்கூட வாங்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே அதே அம்மன் நாணயம் இருபதுக்கு மேல் இருந்தது. "எத்தனை வேணும்? ஒண்ணு முப்பது ரூபா." அவ்வளவுதான். அவள் சிரித்துவிட்டாள். கண்ணிலும் தண்ணீர்.

அது வைஷ்ணவ தேவி கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012-இல் வந்த நாணயம். புழக்கத்துக்காகவே ஏராளமாக அடித்தது, அதனால்தான் நம் ஊர் வெங்காயக் கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இதுபோன்ற மோசடிகள் பெருகியதால் 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கும் விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதே இல்லை, தங்கள் பெயரில் அப்படி வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சரி, சில்லறையில் வித்தியாசமான காசு வந்தால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். ஆண்டுக்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், போன் கேமராவில் பெரிதாக்கினாலும் போதும். சாய்சதுரம் போலிருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், சின்னப் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே நாணயம் ஒரு சாலையில் நிறையவும் இன்னொரு சாலையில் குறைவாகவும் அடிக்கப்பட்டிருக்கலாம். சேகரிப்பவர்கள் இந்தக் குறியைத்தான் முதலில் தேடுவார்கள்.

அடுத்து, விளிம்பு, எடை, உலோகம். 1990-களின் கனமான 5 ரூபாய் நாணயம் 9 கிராம் இருக்கும். செம்பும் நிக்கலும் கலந்தது, காந்தம் ஒட்டாது. ஒட்டினால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, தேய்மானம். சட்டைப்பையில் இருபது வருஷம் உருண்ட காசுக்கும், அடித்த மினுமினுப்பு போகாத காசுக்கும் விலையில் ஏணி வைத்தாலும் எட்டாது. அதற்காகக் குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! தேய்த்த காசை வாங்குபவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். இருக்கிறபடியே காகித உறையில் போட்டு வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பதுதான் விலை. பழசு என்பதற்காக மட்டும் விலை ஏறாது.

நம் ஊர்க் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே நாணயச் சாலை வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் லில்லிப் பூவும், மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்ற பெயரும் உள்ள சின்னச் செப்புக்காசுகள் அடித்தார்கள். காரைக்கால் பெயர் போட்டதும் உண்டு. வெள்ளியில் பணம் அடித்தார்கள், அவர்கள் ஏட்டில் அது 'ஃபனோன்'. நம் துட்டை 'தூதூ' என்று எழுதிவைத்தார்கள். பாட்டியின் டப்பாவில் அப்படி ஏதாவது இருந்தால் லட்சக் கனவு வேண்டாம், ஆனால் பத்திரமாக வையுங்கள். நம் ஊர்ப் பெயரைத் தமிழில் தாங்கிய காசு அது.

எனக்கும் ஒன்று கிடைத்தது. பாண்லே பூத்தில் பால் வாங்கிய மீதியில் வந்த கனமான 5 ரூபாய். திருப்பிப் பார்த்தால் வள்ளுவர்! 1995-இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வெளியிட்டது. சந்தைப் பெரியவர் ஐம்பது ரூபாய் தருகிறேன் என்றார். தமிழ் டீச்சர் விற்பாளா? பூஜை அலமாரியில் இருக்கிறது.

சங்கப் புலவர்கள் பெயரில் 'வண்ணக்கன்' என்று வருமே, நினைவிருக்கிறதா? வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார். வண்ணக்கன் என்றால் பொன்னையும் காசையும் சோதித்துத் தரம் சொல்பவர். வகுப்பில் சொன்னபோது பாதிப் பேர் தூங்கினீர்கள்! காசைச் சோதிப்பதற்கென்றே ஆள் வேண்டியிருந்தது என்றால், ஏமாற்றும் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. இப்போது நாணயத்தோடு சேர்த்து, அதை வாங்க வருகிறவனையும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. 10 ரூபாய் நாணயம் செல்லாது என்று கடையிலும் பஸ்ஸிலும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. 50 காசும் செல்லும். 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் 30 முதல் செல்லாது.

அந்தப் பெண் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறாள். 850 ரூபாய் திரும்புமா, பார்ப்போம். 9,200 ரூபாய் கல்லூரிக்குப் போனது. மீதிக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி வாங்கியிருக்கிறாள். அம்மன் நாணயத்தை என்ன செய்தாய் என்று நேற்று கேட்டேன். "கொத்தமல்லி வாங்கினவருக்கு மீதி கொடுத்துட்டேன் டீச்சர்" என்றாள்.

உங்கள் வீட்டு டப்பாவில் ஏதாவது வித்தியாசமான காசு இருந்தால் இரண்டு பக்கமும் படம் எடுத்துக் கீழே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம். யாராவது முன்பணம் கேட்டால் மட்டும், அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள். ராத்திரி பதினோரு மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்