மார்கழி மாவு

போன மார்கழியில் ஒரு நாள் விடியுமுன் எழுந்து மாவுப் போசியைத் திறந்தேன். ராத்திரி வைத்த மட்டத்திலேயே மாவு அசையாமல் கிடந்தது. புளிப்பு வாசனை இல்லை, ஒரு குமிழிகூட இல்லை. கோவை கணபதியில் விழும் குளிர் ஊட்டிக் குளிர் அல்ல, ஒரு போர்வைக்கு அடங்கிவிடும். போர்த்திக்கொள்ள முடியாத உயிர்களுக்கு அதுவே அதிகம்.

அம்மா இருந்தவரை மார்கழியிலும் மாவு பொங்கியது. கார்த்திகை கழிந்ததும் போசியைச் சமையல் மேடையிலிருந்து இறக்கி, பழைய கம்பளித் துண்டைச் சுற்றி, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். முந்தின மாவில் ஒரு கரண்டி மிச்சம் பிடித்துப் புதுமாவில் கலப்பார். குளிர்காலத்தில் மட்டும் உப்பைக் காலையில்தான் போடுவார். எதுக்கும்மா இத்தனை என்று கேட்டால், “அது எந்திரிக்க நேரமாகும் கண்ணு, நாமதான் பாத்துக்கோணும்” என்பார். நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவள். அவர் சொன்ன ‘அது’ என்னவென்று பெயர் சொல்லத் தெரிந்த எனக்கு, அதைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் விடிந்தால் லேத்துப் பட்டறைச் சத்தம்தான். சத்தி ரோட்டை ஒட்டிய சந்துகளில் மோட்டார் பம்பும் கிரைண்டரும் செய்கிற பட்டறைகள் வரிசையாக இருந்தன, இன்றும் இருக்கின்றன. மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை 1955-ல் சபாபதி என்பவர் இந்தக் கோவையில்தான் உருவாக்கினார். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அப்பா அப்படியொரு பட்டறையில் கல் பொருத்தும் வேலை பார்த்தார். கல் உரசிச் சூடாகக் கூடாது, சூடானால் உளுந்து நுரைக்காது என்பது அவர் தொழில் கற்ற நாளிலிருந்து மனதில் வைத்திருந்த விதி. ஆட்டுக்கல்லில் அம்மாவைப் பெற்ற அமுச்சி ஒரு மத்தியானம் முழுக்க ஆட்டியதை அந்த இயந்திரம் அரை மணி நேரத்தில் முடித்துவிடும். அதற்கப்புறம் வருகிற ராத்திரியைக் குறுக்க எந்தப் பட்டறையாலும் முடியவில்லை.

அந்த ராத்திரியில் நடப்பதை ஒரே ஒரு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டு மாவில் ஒரு சொட்டைச் சின்னச் சீசாவில் எடுத்துப்போய், கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடித் துண்டில் தடவி, டென்மார்க் மருத்துவர் கிராம் 1884-ல் வெளியிட்ட முறையில் ஊதாச் சாயம் ஏற்றினேன். ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது சின்னஞ்சிறு ஊதா உருண்டைகள் தெரிந்தன. இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டும், சில இடங்களில் பாசிமணி கோத்தது போலவும் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வரும். அவை சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்வது தடித்த செல்சுவரால். சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் பின்னிய வலை அந்தச் சுவர். பென்சிலின் செய்வதெல்லாம் அந்த வலையை முடிச்சுப் போட விடாமல் தடுப்பதுதான். நம் செல்லுக்கு அப்படிச் சுவரே கிடையாது என்பதால் மருந்து நம்மை விட்டுவிட்டு அதை மட்டும் தாக்குகிறது. இதைப் பாடமாகப் படித்தபோது வராத சிலிர்ப்பு, எங்கள் வீட்டு மாவில் அந்தச் சுவரைப் பார்த்தபோது வந்தது.

சுவருக்குள் இருப்பது மிகக் கொஞ்சம். நம் செல்லில் இருக்கிற மாதிரி உறை போட்ட உட்கரு இல்லை; மரபுப்பொருள் ஒரு வளையமாகச் சுருண்டு கிடக்கும். புரதம் செய்யும் ரைபோசோம்கள் நிறைய உண்டு. வாயும் வயிறும் கிடையாது. சுற்றிலும் கரைந்திருக்கும் சர்க்கரை சவ்வு வழியாக உள்ளே போகும், உடைந்ததில் மிச்சம் வெளியே வரும். போதுமான அளவு வளர்ந்ததும் வளையத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரிந்துவிடும். மணிக்கு ஒரு தடவை பிரிவதாக வைத்துக்கொண்டால்கூட, பத்து மணி நேரத்தில் ஒன்று 1,024 ஆகிவிடும். நன்றாகப் புளித்த மாவில் ஒரு கிராமுக்குப் பத்துக் கோடிக்கும் மேல் இருக்கும்.

இட்லி மாவைப் பொங்க வைக்கிற பாக்டீரியாவுக்கு லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்று பெயர். முகர்ஜி என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் 1965-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதை நிறுவியது. ஒரு குளுக்கோஸை உடைத்தால் அதற்கு லாக்டிக் அமிலம் ஒன்று, எத்தனால் ஒன்று, கரியமில வாயு ஒன்று என்று கிடைக்கும். அந்த வாயுதான் குமிழி. உளுந்தின் கொழகொழப்பு அதைத் தப்ப விடாமல் பிடித்துக்கொள்வதால் மாவு ஏறுகிறது. அமிலம் கூடக்கூட, புளிப்பை இன்னும் தாங்கக்கூடிய வேறு பாக்டீரியாக்கள் பெருகி வேலையை எடுத்துக்கொள்கின்றன. கெடுக்க வரும் கிருமிகள் பலவற்றுக்கு அந்தப் புளிப்பில் இடமில்லை. யாரும் காவல் இருக்காமலே ஒரு போசிக்குள் இந்த ஒழுங்கு நடப்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

கை போட்டுக் கலக்கினால்தான் மாவு புளிக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உண்மையில் வேண்டிய பாக்டீரியாக்கள் உளுந்திலும் அரிசியிலுமே ஒட்டிக்கொண்டு வருகின்றன, ஊறும்போதே வேலையைத் தொடங்குகின்றன. அம்மா உளுந்தை இரண்டு அலசலோடு நிறுத்தியதும், ஊறிய தண்ணீரையே அரைக்க ஊற்றியதும் இப்போது விளங்குகிறது. இருந்தாலும் நானும் கையைப் போட்டுத்தான் கலக்குகிறேன். அரிசி மாவும் உளுந்து மாவும் சரியாகச் சேர்ந்ததா என்று கரண்டிக்குத் தெரியாது. மாவு எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதும் கைக்குத்தான் தெரியும்.

அந்த மார்கழி நாளில் மாவைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டேன். வெயில் ஏறியதும் ஜன்னலோரம் நகர்த்தி வைத்தேன். மத்தியானம் ஒரு மணிக்குப் போசியின் மூடி தூக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடே இட்லிதான்.

அன்னூர்ப் பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் காடு இருக்கிறது. ஒரு பட்டத்தில் உளுந்து விதைக்கும் நாளில் போயிருந்தேன். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வாங்கி வந்த ரைசோபியம் பாக்கெட்டைப் பிரித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து, விதையில் பிசறிக்கொண்டிருந்தார். ரைசோபியம் உளுந்தின் வேரில் குடியேறி, காற்றிலிருக்கும் தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியா. அரிசி, உளுந்து, பாக்டீரியா மூன்றும் அடுப்படிக்கு வருவதற்கு வெகுமுன்பே ஒரு தரம் காட்டில் இப்படிக் கூடிவிடுகின்றன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா விதையைச் சாக்கில் பரப்பி வேப்பமர நிழலுக்கு இழுத்தார். “வெயில்ல போட்டா செத்துப்போயிருமுங்க கண்ணு” என்றார். அம்மாவின் அதே குரல்.

நாற்பது நாள் கழித்து மறுபடி போனபோது ஒரு செடியை மண்ணோடு பெயர்த்துக் கொடுத்தார். வேர் முழுக்கக் கடுகு கடுகாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தது.