ஒரகடம் டு யோகோஹாமா: பெட்டியில் எந்த பிளக்?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய எழுத்துப் பெயர்ப்பலகைகள் சாதாரணம். பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலையும் வந்தன. ஆகவே, கொரியா, ஜப்பான், ஜெர்மனி என்று பெட்டி கட்டுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆனால், மூன்று நாட்டுக்கும் ஒரே அடாப்டர் வாங்கினால் போதுமா?

கொரியாவிலும் ஜெர்மனியிலும் உருண்டை இரண்டு பின். மின்சாரம் 220, 230 வோல்ட். நம் ஊர் இரண்டு பின் போன் சார்ஜர் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். மூன்று பின் பிளக்குக்குத்தான் அடாப்டர் தேவை. எர்த் இணைப்பு உள்ளதாக வாங்க வேண்டும்.

ஜப்பான் கதை வேறு. அங்கே தட்டையான இரண்டு பின். மின்சாரம் வெறும் 100 வோல்ட். அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்டேஜை மாற்றாது. நம் ஊர் 230 வோல்ட் கெட்டிலை அங்கே செருகினால் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் வரும். பாதி ராத்திரியில் கப் நூடுல்ஸுக்கு வெந்நீர் கிடைக்காது!

திரும்பும்போதுதான் ஆபத்து அதிகம். அம்மாவுக்கென்று ஆசையாக வாங்கிவந்த 100 வோல்ட் ரைஸ் குக்கரை அடாப்டர் போட்டு இங்கே செருகினால், ஐந்து மடங்கு மின்சக்தியை இழுத்துக் கருகிவிடும், தீப்பிடிக்கவும் கூடும்.

வழி எளிது. கருவியின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். ‘100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் அடாப்டர் போதும். போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த ரகம். ஒரே வோல்டேஜ் போட்டிருந்தால், வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புவது நல்லது.