மான்செஸ்டர் கையெழுத்தும் காஞ்சிப் பட்டும்

நான் பிறந்த காஞ்சிபுரம் போலவே, பிழைக்க வந்து தங்கிவிட்ட மான்செஸ்டரும் துணியால் வளர்ந்த ஊர். 18ஆம் நூற்றாண்டில் இவ்வூர்ப் பருத்தித் துணிகள் லிவர்பூல் துறைமுகம் வழியே ஆப்பிரிக்கா போயின. அங்கே மனிதர்களுக்கு விலையாக அளக்கப்பட்டன. சோழமண்டலக் கரையில் நம் முன்னோர் நெய்த துணிகளும் அந்தக் கொடிய கணக்கில் சேர்ந்தன.

அடிமை வணிகத்தால் வயிறு நிறைந்த இந்த ஊரே அதை எதிர்த்துக் கையெழுத்திட்டது. 1787இல் அடிமை வணிக எதிர்ப்பாளர் தாமஸ் கிளார்க்சன் இங்கு வந்து பேசினார். அந்தக் குளிர்காலத்திலேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட்டார்கள். மான்செஸ்டருக்கு அன்று நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. 1791இல் அடிமை வணிகத்தை நிறுத்த நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் தோற்றதும் பிரிட்டன் மக்கள் அடுக்களையிலிருந்து போராடினார்கள்: அடிமைகள் விளைவித்த சர்க்கரை வேண்டாம் என்றார்கள். அப்படி விட்டவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர் என்று கிளார்க்சன் கணித்தார். வாக்கு இல்லாத பெண்களே இதில் முன்னே நின்றார்கள். 1792இல் நாடெங்குமிருந்து 519 மனுக்கள் குவிந்தன. ஆனாலும் வணிகத்தைத் தடுக்கும் சட்டம் வர 1807 ஆயிற்று. அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டத்துக்கு 1833வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துத் தறிகள் என் கண்முன் வருகின்றன. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும், நெசவாளிக்கு உதவியாக மறுகரையில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது அந்த ஆள் பல வீடுகளில் என் வயதுப் பிள்ளைதான். பெற்றோர் வாங்கிய சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காகப் பள்ளியை விட்டு வந்த பிள்ளை. அவனை அமர்த்திய நெசவாளியும் பெரும்பாலும் முதலாளியிடம் முன்பணத்தில் கட்டுண்டவர்தான். அதனால் அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படி முன்பணத்துக்கு மனிதரைக் கட்டிவைப்பதைத் தடுக்க இந்தியாவில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். 2003இல்கூட மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை காஞ்சிபுரத் தறிகளில் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அதன் பிறகு நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவந்த ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் அந்தப் பெருமை சேரும்.

அன்று அந்த மக்கள் சர்க்கரையை விட்டார்கள்; பட்டு வாங்கிய நாம் என்ன செய்தோம்? லண்டனிலும் டொரண்டோவிலும் சிங்கப்பூரிலும் நம் வீட்டுக் கல்யாணங்களுக்குக் காஞ்சிப் பட்டு எடுக்கிறோம். சரிகை அசலா என்று கேட்போம், சாயம் போகுமா என்று கேட்போம். இனி கடைக்காரரிடம் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: இதை நெய்தவருக்குக் கூலி எவ்வளவு கிடைத்தது, தறியில் கூட உட்கார்ந்தவருக்கு வயது என்ன? பதில் வராத கடையில் வாங்காதீர்கள்.