மணாலியில் எங்கே தங்கலாம்? ஒரு பாட்டியின் முழங்காலும், ஐந்து பகுதிகளும்!

கோயம்புத்தூரில் அந்த வீட்டில் டிக்கெட் போட்டு ஒரு வாரம் ஆகியும் ரூம் மட்டும் போடவில்லை. காரணம், வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கொரு ஆசை.

அப்பாவுக்கு மால் ரோடு. "இறங்கினா ஹோட்டல், நடந்தா கடை, அவ்வளவுதான்" என்பது அவர் கட்சி. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு சோலாங். அவள் போவதே பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளத்தான். பத்தாவது படிக்கும் மகனுக்கு, இன்ஸ்டாகிராமில் பார்த்த ஓல்டு மணாலி கஃபேக்கள். அம்மாவுக்கு, ஆறு தெரிகிற மாதிரி ஜன்னல் இருந்தால் போதும். பாட்டிக்கு வயது எழுபத்திரண்டு, இரண்டு முழங்காலும் வலி. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பனி பெய்யறதை ஒரு தடவை கண்ணால பாத்துடணும்ப்பா. அதுக்காக என்னைத் தூக்கிட்டெல்லாம் அலையாதீங்க."

மணாலிக்குக் கிளம்பும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சுதான் நடக்கிறது. ஆனால் 'மணாலி' என்று நாம் சொல்வது ஒரே இடம் இல்லை. பியாஸ் ஆற்றின் இரண்டு கரையிலும் மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் பல ஊர்களின் கூட்டம் அது. கோடையில் எங்கே தங்கினாலும் சமாளித்துவிடலாம். குளிர்காலத்தில் அப்படி இல்லை. ரூம் எங்கே என்பதுதான் அந்தப் பயணம் எப்படிப் போகும் என்பதையே முடிவு செய்யும்.

ஊட்டியைவிடத் தாழ்வு, ஆனாலும் பனி!

மணாலி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டி இதைவிட உயரம், சுமார் 2,240 மீட்டர். ஆனாலும் ஊட்டியில் உறைபனிதான் படியும்; மணாலியில் பனியே பொழியும். மணாலி பூமத்திய ரேகையிலிருந்து வெகுதூரம் வடக்கே இருப்பது ஒரு காரணம். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று இமயமலையில் மோதி பனியாகக் கொட்டுவது இன்னொரு காரணம்.

ஆனால் ஊருக்குள் பனி விழுவதற்கு உத்தரவாதம் இல்லை. டிசம்பரில் போய் வெறும் குளிரை மட்டும் அனுபவித்துவிட்டுத் திரும்பியவர்கள் நிறைய. பனிச்சறுக்குக்கு நம்பகமான மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும்தான். அதனால்தான் இந்தக் குடும்பம் பொங்கல் விடுமுறையைத் தேர்ந்தெடுத்தது.

மால் ரோடு: வசதி உண்டு, நெரிசலும் உண்டு

மால் ரோடுதான் ஊரின் நடுமையம். வண்டிகள் இல்லாமல் நடக்கலாம். கம்பளிக் கடை, மருந்துக் கடை, ஏ.டி.எம், சாப்பாடு எல்லாம் கைக்கெட்டும் தூரம். தோசையும் கிடைக்கும், ருசியில் நம் ஊர் தோசையை எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. லேடி வில்லிங்டன் மருத்துவமனையும் ஊருக்குள்ளேயே இருப்பதால், வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டிப் போகிறவர்களுக்கு அது ஒரு தெம்பு. ஜனவரியில் விண்டர் கார்னிவல் நடந்தால் ஊர்வலமும் ஆட்டமும் இங்கேதான்.

குறை என்ன? சோலாங் இங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டர். சாதாரண நாளில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பனி விழுந்த மறுநாள், அதுவும் லீவு நாளாக இருந்துவிட்டால், பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் சோலாங் பக்கம் கொட்டிய பனியில் சுமார் 1,000 வாகனங்கள் சிக்கிக்கொண்டன. போலீஸ்தான் சுற்றுலாப் பயணிகளை மீட்டுக் கொண்டுவந்தது.

மால் ரோட்டுக்குப் பக்கத்திலேயே, ஹடிம்பா கோயிலுக்குப் போகும் சாலையில் நிறைய ஹோட்டல்கள் இருக்கின்றன. 1553-ல் தேவதாரு காட்டுக்குள் கட்டப்பட்ட மரக்கோயில் அது. நம் மகாபாரத இடும்பிதான் அங்கே தெய்வம். தங்குவதற்கு அமைதியான இடம். ஆனால் சாலை செங்குத்து. பனி உறைந்து கண்ணாடிபோல ஆகிவிட்டால், இளவட்டங்களே கைகோத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

ஓல்டு மணாலி: கஃபேக்களுக்கும் குளிர்கால விடுமுறை

மனால்சு ஓடையின் பாலத்தைத் தாண்டினால் ஓல்டு மணாலி. மேலே ஏற ஏற, கல்லையும் மரத்தையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய 'காட்குணி' வீடுகள். உச்சியில் மனு கோயில். கோடையில் கிட்டார் சத்தமும் காபி வாசனையும் நிறைந்த தெரு இது.

மகனின் கனவு இங்கேதான் உடைந்தது. அவன் பார்த்த ரீல்கள் எல்லாம் மே, ஜூனில் எடுத்தவை. குளிர்காலத்தில் கஃபேக்களில் பல பூட்டிக் கிடக்கும். சந்துகள் குறுகல், ஏற்றம் அதிகம், பல விடுதிகளுக்கு வாசல் வரை வண்டி போகாது. நண்பர்களோடு முதுகில் பை மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அருமையான இடம். பாட்டியோடு போகிறவர்களுக்கு இல்லை.

சோலாங்: பனிச்சறுக்குக்கு வாசல்படி

மகள் கேட்டதில் நியாயம் இருந்தது. பனிச்சறுக்கு நடப்பது சோலாங்கில்தான். உலகப் புகழ்பெற்ற பெரிய சரிவு அல்ல, சிறியது. ஆனால் முதன்முதலாகக் காலில் பலகை கட்டுகிறவருக்கு அதுவே போதும். அலியோ பகுதியில் இருக்கும் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம், 1961-ல் தொடங்கப்பட்டது. அது குளிர்காலத்தில் நடத்தும் பனிச்சறுக்குப் பயிற்சிகளுக்கும் களம் சோலாங்தான்.

சோலாங்குக்குப் பக்கத்தில் புருவா என்று ஒரு கிராமம். 2018 ஜனவரியில் துருக்கியில் நடந்த சர்வதேசப் போட்டியில் வெண்கலம் வென்று, பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு முதல் சர்வதேசப் பதக்கம் வாங்கித் தந்த ஆஞ்சல் தாக்கூரின் ஊர் இதுதான். அவருடைய அண்ணன் ஹிமான்ஷு தாக்கூர், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் போட்டியிட்டவர். மகளின் போன் ஸ்கிரீனில் ஆஞ்சலின் படம்தான் இருக்கிறது என்பதை வீட்டில் எல்லோரும் அன்றைக்குத்தான் கவனித்தார்கள்.

இங்கே தங்கினால் காலையில் கூட்டம் வருவதற்கு முன்பே சரிவில் நிற்கலாம். ஆனால் மாலை ஆனதும் ஊர் அடங்கிவிடும். கடைகள் குறைவு. பெரிய பனி விழுந்தால் சாலை மூடும், கரன்ட் போகும், குழாயில் தண்ணீர் உறையும். அவசரத்துக்கு டாக்டரிடம் போக வேண்டுமென்றால் கீழே மணாலிக்குத்தான் வர வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் பொங்கல் கொண்டாடும் மகர சங்கராந்தி அன்று, கோஷால், புருவா, சோலாங் உள்ளிட்ட ஒன்பது கிராமங்களில் 42 நாள் மௌன விரதம் தொடங்குகிறது. கௌதம ரிஷி உள்ளிட்ட தங்கள் தெய்வங்கள் அந்த நாள்களில் தவத்தில் இருக்கிறார்கள் என்பது மக்களின் நம்பிக்கை. டி.வி சத்தம் கிடையாது, மொபைல் சைலன்ட்டில், வயல் வேலைகூட நிறுத்தம். அங்கே ஹோம்ஸ்டேயில் தங்குகிற விருந்தாளிக்கும் அந்த மரியாதை பொருந்தும். ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு ஆடுவதுதான் டூர் என்று நினைப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறு தெரிகிற ஜன்னல்!

அம்மாவின் ஆசை சின்னதுதான். ஆனால் அதில்தான் பெரிய எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. 2023 ஜூலையில் பியாஸ் பெருக்கெடுத்தபோது குலு-மணாலி நெடுஞ்சாலையே பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. 2025 ஆகஸ்ட்டில் மறுபடியும் வெள்ளம். ஆற்றங்கரையில் இருந்த கட்டடங்கள் சரிந்தன.

ஜனவரியில் ஆறு ஒடுங்கித்தான் ஓடும். குளிர்காலத்தில் போகிறவருக்கு வெள்ள பயம் குறைவு. ஆனால் ஜூலை, ஆகஸ்ட்டில் போகிறவர்கள் 'ரிவர் வியூ' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பணம் கட்டிவிடக் கூடாது. ஆறு எவ்வளவு பக்கம் என்பதைவிட, ரூம் ஆற்றிலிருந்து எவ்வளவு மேலே என்று கேட்பதுதான் முக்கியம்.

வசிஷ்ட்: பாட்டி கேட்ட வரம்

கடைசியில் வழி சொன்னது பாட்டிதான். "அது என்ன, வசிஷ்டர் பேர்ல ஒரு ஊர்?" என்றார், மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பேத்தியிடம்.

மால் ரோட்டிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர், ஆற்றின் எதிர்க்கரையில், மேட்டில் இருக்கிறது வசிஷ்ட் கிராமம். கந்தக வெந்நீர் ஊற்றும், அதையொட்டி வசிஷ்டர் கோயிலும், ராமர் கோயிலும் உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியல் தொட்டிகள். பிள்ளைகளை இழந்த துக்கத்தில் வசிஷ்டர் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஆற்றில் குதித்தாராம். ஆறு அவர் கட்டை அவிழ்த்துக் கரையில் சேர்த்ததாம். கட்டவிழ்த்தவள் என்ற பொருளில் 'விபாசா' என்று பெயர் வந்து, அதுவே பியாஸ் ஆனதாகச் சொல்கிறார்கள். பாட்டிக்கு வேறென்ன வேண்டும்?

மற்றவர்களுக்கும் கணக்கு சரியாக வந்தது. சோலாங்குக்குப் போகும் நெடுஞ்சாலை இந்தக் கரையில்தான் மேலேறுகிறது. மால் ரோட்டிலிருந்து கிளம்புகிற வண்டிகள் பாலத்தில் மாட்டிக்கொள்ளும் இடத்தை மகள் தொடவே வேண்டாம். அப்பாவுக்கு, மால் ரோடு பத்து நிமிட டாக்ஸி. மகனுக்கு, குளிர்காலத்திலும் திறந்திருக்கும் ஒன்றிரண்டு கஃபே. அம்மாவுக்கு, மேட்டிலிருந்து பத்திரமாகத் தெரியும் ஆறு. ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து கிராமத்துக்கு ஏறும் சாலை செங்குத்து; பனியில் வழுக்கும். அதனால் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில், தரைத்தளத்தில், வாசல் வரை டாக்ஸி வரும் ரூமாகக் கேட்டு வாங்கினார்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

- பனி பெய்தாலும் வண்டி வாசல் வரை வருமா? ரூமுக்கு எத்தனை படி ஏற வேண்டும்?
- ஹீட்டர் வாடகையில் சேர்ந்ததா, தனியா? பல இடங்களில் தனிக் கட்டணம்.
- கரன்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? வெந்நீர் 24 மணி நேரமும் வருமா?
- சோலாங் போகும் டாக்ஸி நான்கு சக்கரமும் இழுக்கும் 4x4 வண்டியா? பனி நாளில் நேரு குண்டுக்கு மேல் மற்ற வண்டிகளைப் போலீஸ் பெரும்பாலும் விடுவதில்லை.
- பனி கோட்டும் பூட்ஸும் வாடகைக்கு எடுக்க சோலாங் வழியெங்கும் நம்பர் போட்ட கடைகள் உண்டு. டிரைவர் நிறுத்தும் முதல் கடையிலேயே வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறந்த பிறகு, அந்தப் பக்கம் இருக்கும் சிஸ்ஸுவிலும் தங்க ஆரம்பித்திருக்கிறார்கள். பனிக்குப் பஞ்சமே இல்லாத இடம். ஆனால் சுமார் 3,000 மீட்டருக்கு மேல் உயரம்; சுரங்கப்பாதை மூடினால் அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். முதியவர்களோடு போகிறவர்கள் பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதே நல்லது.

இரண்டாம் நாள் காலை

சோலாங்குக்கு எல்லோரும் சேர்ந்து போவதாகத்தான் திட்டம். பாட்டியைத் தூக்கி வண்டியில் உட்காரவைக்கக்கூட அப்பா தயாராக இருந்தார். ஆனால் இரவெல்லாம் கொட்டிய பனியில் காலையில் சாலை மூடிவிட்டது. மகளுக்கு முகம் தொங்கிப்போனது.

பாட்டி அதற்குள் எழுந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு, வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். எதிரே கோயில் கூரை வெள்ளையாக இருந்தது. வெந்நீர் ஊற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா நெய் ஊற்றிய சித்து, அதாவது உள்ளே வால்நட் வைத்து ஆவியில் வேகவைத்த ரொட்டி, ஒரு தட்டில் கொண்டுவந்து கொடுத்தார். "நம்ம கொழுக்கட்டைக்கு அக்கா மாதிரி இருக்கு" என்றார் பாட்டி. மறுபடி பனி விழ ஆரம்பித்தபோது, கையை மட்டும் நீட்டினார்.

மதியத்துக்கு மேல் 4x4 வண்டிகளை விட்டார்கள். மகளும் அப்பாவும் மட்டும் கிளம்பினார்கள். பயிற்சியாளர் ஒரு மணி நேரத்தில் நிற்கக் கற்றுக்கொடுத்தார். அதற்குள் எட்டு முறை விழுந்திருந்தாள். சாயங்காலம் உடம்பெல்லாம் வலியோடு திரும்பிவந்து வாசலில் பூட்ஸைக் கழற்றியவளைப் பார்த்துப் பாட்டி கேட்டார்:

"முழங்கால் வலிக்குதா? நாளைக்குக் காலைல என்கூட வெந்நீர் ஊத்துக்கு வா."