பூக்களுக்கு நன்றி சொன்ன ஊர்

ஆலங்குளம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘வருஷா வருஷம் குற்றாலத்தில் சாரல் விழா நடக்கிறது. ஆட்டம், பாட்டு, படகுப் போட்டி எல்லாம் உண்டு. பக்கத்திலேயே கேந்தியும் மல்லிகையும் போடுகிற எங்களுக்கு அதனால் ஒரு முழம் பூவாவது கூடுதலாக விற்குமா?’

கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் ஆசிரியரிடம் கேட்டு இந்தப் பக்கங்களை வாங்கிக்கொண்டேன். பதிலுக்காகக் குற்றாலத்தைத் தாண்டி ரொம்ப தூரம், இத்தாலி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் மிலான் நகரில் மேல்படிப்பு படித்தாள். பட்டமளிப்புக்குப் போன இடத்தில் நாலைந்து நாள் மிச்சம் இருந்தது. ‘வெனிஸ் போகலாம்ப்பா’ என்றாள். எனக்கோ கல்லூரிக் காலத்தில் மலர் சாகுபடிப் பாடத்தில் படித்த ஓர் ஊர்ப் பெயர் மனதில் கிடந்தது. சான்ரேமோ. ஜெனோவா வழியாக ரயில் கடலை ஒட்டியே போகிறது. நாலு மணி நேரப் பயணம். சான்ரேமோ ரயில் நிலையம் மலையைக் குடைந்து உள்ளே கட்டியிருக்கிறார்கள். இறங்கி, சுரங்கப் பாதையில் நடந்து நடந்து வெளியே வந்தால் வெயிலும் கடலும். முன்பு கடலோரமாக ஓடிய பழைய ரயில் பாதையைப் பிடுங்கிவிட்டு, 24 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள்.

ஊரின் அமைப்பைச் சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். குற்றால மலை அப்படியே கடலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. பின்னால் ஆல்ப்ஸ் மலையின் கிளை வடக்குக் காற்றைத் தடுத்துவிடுகிறது. அதனால் மிலானில் பனி கொட்டுகிற மாசி மாதத்தில் இங்கே மேல்சட்டை இல்லாமல் நடக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயப் பிரபுக்களும் ரஷ்ய அரச குடும்பத்தாரும் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வந்தார்கள். டைனமைட் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபல் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் 1896-ல் இறந்ததும் இந்த ஊரில்தான். ஸ்டாக்ஹோமில் நடக்கும் நோபல் பரிசு விழா மேடைக்குப் பல ஆண்டுகள் சான்ரேமோவிலிருந்துதான் பூக்கள் போயின.

முதலில் அது பூ ஊர் இல்லை, எலுமிச்சை ஊர். நம்ம புளியங்குடி மாதிரி. எலுமிச்சையும் ஆலிவும்தான் பிழைப்பு. 1872-ல் ரயில் வந்தது. குளிர்காலத்தில் பூவே இல்லாத வட ஐரோப்பிய நகரங்களுக்கு ரோஜாவையும் கார்னேசனையும் அனுப்ப வழி பிறந்தது. மலைச்சரிவில் கல் அடுக்கிப் படிப்படியாகக் கட்டியிருந்த எலுமிச்சைத் தோட்டங்கள் பூத்தோட்டங்களாக மாறின. பிறகு அந்தப் படிகளின் மேல் கண்ணாடிக் குடில்கள் வந்தன.

இந்த மாற்றத்துக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் நம்ம தொழில்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. மாரியோ கால்வினோ என்ற வேளாண் விஞ்ஞானி. மெக்சிகோவிலும் கியூபாவிலும் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி, 1925 முதல் சான்ரேமோ மலர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். அவருடைய மனைவி ஏவா மமேலி தாவரவியல் அறிஞர். கணவருக்குப் பிறகு அவரே அந்த நிலையத்தைப் பார்த்துக்கொண்டார். அவர்கள் மகன்தான் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ. பையன் விவசாயக் கல்லூரியில் சேர்ந்தும் முடிக்காமல் இலக்கியத்துக்கு ஓடிவிட்டார். (எந்த ஊரிலும் இதே கதைதான் போலிருக்கிறது.)

இனி பாட்டுக்கு வருவோம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து, பழைய பிரபுக்கள் காணாமல் போய், குளிர்காலத்தில் விடுதிகள் காற்றாடிய நேரம். ஊரில் நகராட்சிக்குச் சொந்தமான காசினோ ஒன்று 1905-லிருந்து இருக்கிறது. அதை நடத்தியவர்களும் இத்தாலிய வானொலியான ராய் நிறுவனமும் சேர்ந்து ஒரு பாட்டுப் போட்டி வைத்தார்கள். 1951 ஜனவரி 29, 30, 31. நாடு முழுவதும் இருந்து வந்த 240 புதுப் பாட்டுகளில் 20 பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பாடியவர்கள் மொத்தம் மூன்றே தரப்பு: நில்லா பிஸ்ஸி என்ற பெண், அகில்லே தொல்யானி என்ற ஆண், பசானோ சகோதரிகள். இவர்களே 20 பாட்டையும் மாற்றி மாற்றிப் பாடினார்கள். கூடத்தில் சாப்பாட்டு மேசைகள். தட்டுகளோடு பரிமாறுகிறவர்கள் நடமாட, நடுவில் போட்டி.

ஜெயித்த பாட்டின் பெயரைக் கேளுங்கள். ‘கிராட்சியே தெய் ஃபியோரி’. தமிழில் சொன்னால் ‘பூக்களுக்கு நன்றி’. பிரிந்துபோன காதலன் அனுப்பிய பூவைப் பார்த்து ஒருத்தி பாடும் சோகப் பாட்டு அது. விவசாயிக்கு நன்றி சொன்னதல்ல. ஆனாலும் பூ விளைகிற ஊரில் நடந்த முதல் போட்டியில் இந்தப் பாட்டு ஜெயித்தது எந்த விளம்பர அதிகாரியும் யோசிக்க முடியாத விளம்பரம். மாரியோ கால்வினோ காலமானதும் அதே 1951-ல்தான்.

அந்தப் போட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. பரிசு பாட்டுக்குத்தான், பாடுகிறவருக்கு இல்லை. 1953 முதல் ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஒரே பாட்டை இரண்டு வேறு பாடகர்களைக் கொண்டு பாடவைத்துக் கேட்டார்கள். ஒரு நெல் ரகத்தை ஒரே வயலில் போட்டுப் பார்த்து முடிவு சொல்லாமல் இரண்டு வயலில் போட்டுப் பார்ப்போம் இல்லையா, அது மாதிரி. மகசூல் ரகத்தால் வந்ததா, உழவனின் கைப்பக்குவத்தால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேறு வழி இல்லை.

1955-ல் தொலைக்காட்சி வந்தது. 1956-ல் தொடங்கிய யூரோவிஷன் போட்டிக்கே சான்ரேமோதான் முன்மாதிரி. 1958-ல் தொமெனிகோ மொதுன்யோ பாடிய ‘வொலாரே’ உலகத்தையே சுற்றி வந்தது. எல்லாமே கொண்டாட்டம் என்றும் நினைக்க வேண்டாம். 1967-ல் தன் பாட்டு போட்டியிலிருந்து நீக்கப்பட்ட இரவில் லுயிஜி தெங்கோ என்ற 28 வயதுப் பாடகர் விடுதி அறையில் இறந்து கிடந்தார். அந்தப் பேச்சு இன்னமும் இத்தாலியில் ஓயவில்லை.

1977 முதல் விழா அரிஸ்தோன் என்ற அரங்கத்தில் நடக்கிறது. தேடிப் போய்ப் பார்த்தேன். கடைவீதியில் இருக்கிற ஒரு சினிமா தியேட்டர், அவ்வளவுதான். சுமார் 2,000 இருக்கைகள். மற்ற நாளில் அங்கே படம் ஓடுகிறது. இத்தாலி முழுக்க ஐந்து இரவுகள் கண்கொட்டாமல் பார்க்கும் மேடை இதுவா என்று கேட்டுவிட்டேன். மகள் சிரித்தாள்.

நம் வாசகர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, விழா நடக்கும் காலம். ஆட்கள் தானாக வருகிற கோடையில் அதை வைக்கவில்லை. விடுதி காலியாகக் கிடக்கும் ஜனவரி, பிப்ரவரியில் வைத்தார்கள். அதுவே பூ அறுவடை உச்சத்தில் இருக்கும் காலம். இரண்டு, விழாவின் பெயர் நகராட்சிக்குச் சொந்தம். ராய் நிறுவனம் அதற்கு ஆண்டுதோறும் நகராட்சிக்குப் பெரும் தொகை கட்டுகிறது. நேரடியாக அந்த ஒரு நிறுவனத்துக்கே கொடுத்தது செல்லாது, டெண்டர் விட வேண்டும் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஊர்ப் பெயருக்கு இவ்வளவு விலை!

சரி, பூ விவசாயி பிழைத்தானா? பாதி பிழைத்தான். வருஷத்துக்கு ஒரு வாரம் நாடே பார்க்கும் மேடையில் சான்ரேமோ பூ நின்றது, பாடகிகள் கையில் பூச்செண்டு போனது, பெயர் பதிந்தது. ஆனால் ஹாலந்தின் ஏல மையங்களும், பிறகு விமானத்தில் வந்திறங்கிய கென்யா, கொலம்பியா, ஈக்வடார் பூக்களும் கார்னேசன் விலையை முறித்துவிட்டன. மலைச்சரிவில் ஏறிப் பார்த்தபோது கண்ணாடி உடைந்து களை மண்டிய குடில்கள் நிறையக் கண்ணில் பட்டன. சில இடங்களில் அடுக்குமாடி வீடுகள் எழும்பியிருந்தன. எந்தப் பாட்டு விழாவாலும் விமானத்தை நிறுத்த முடியவில்லை.

தாக்குப் பிடித்தவர்கள் பயிரை மாற்றியவர்கள். வெப்பமூட்டும் செலவில்லாத ரனன்குலஸ், அனிமோன் கிழங்குப் பூக்கள், பூச்செண்டில் சேர்க்கும் ரஸ்கஸ், யூகலிப்டஸ் போன்ற பச்சைத் தழைகள், அப்புறம் மிமோசா. இந்த மிமோசா என்ன தெரியுமா? நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளியைத் தின்றுவிட்டது என்று வெட்டி அகற்றுகிறோமே, அந்த வாட்டில் மரத்தின் ஒரு வகைதான். இத்தாலியில் மார்ச் 8 மகளிர் தினத்துக்கு ஆளுக்கொரு கொத்து வாங்கிக் கொடுப்பது வழக்கம். இங்கே களை, அங்கே காசு.

இப்போது நம்ம ஊர்.

பாட்டுக்குப் பரிசு கொடுப்பது குற்றாலத்துக்குப் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். அதற்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பெயரே ‘குறவஞ்சி மேடு’. பாட்டுக்குப் பரிசாக விளைநிலம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு குளிரும். பின்னாளில் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்தார். தமிழில் பாட்டுப் பாட வேண்டும் என்று 1940-களில் கிளம்பிய தமிழிசை இயக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களில் அவர் ஒருவர். 1954-ல் அவர் மறையும்வரை ராஜாஜி, கல்கி போன்றவர்கள் அருவிக்கு வந்ததுபோல அவர் வீட்டுக்கும் வந்தார்கள்.

சாரல் விழா ஆடி மாதத்தை ஒட்டி நடக்கிறது. நான் அரசு ஊழியன். விழா நடத்துகிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஐந்தருவிப் பூங்காவில் மலர்க் கண்காட்சி வைக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அந்த நாள்களில் கேரளத்திலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் கூட்டம் தானே வந்து அருவியில் நிற்கிறது. அறை கிடைப்பதில்லை. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால் படம் எடுக்க வருகிறவர்கள் வயலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறார்கள். பூ விலைக்கு அப்போது விழா தேவையில்லை. அடுத்து வரும் ஓணமே பார்த்துக்கொள்ளும். அத்தம் தொடங்கிப் பத்து நாள் கேந்தியும் வாடாமல்லியும் கேரளத்துக்கு ஏறும்போது சங்கரன்கோவிலிலும் தோவாளையிலும் விலை எப்படி நிற்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரியும் வெண்டையும் லாரி ஏறுகிற வேகத்தைப் பார்த்தாலே போதும்.

நமக்கு அடி விழுகிற காலம் வேறு. பங்குனி, சித்திரையில் வெயில் ஏற ஏற மல்லிகை அள்ளிக் கொட்டும். மார்கழியில் கைக்கு எட்டாத விலை போன அதே மொட்டைப் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் விட்டுவிடுகிறார்கள். அதே பங்குனி, சித்திரையில் குற்றாலத்தில் அருவி பாறையாகக் கிடக்கும், விடுதிகள் பூட்டிக் கிடக்கும். இரண்டு மந்தமும் ஒரே நேரத்தில். சான்ரேமோக்காரன் கையில் இது கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டான்.

அருவியில்லாத குற்றாலத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். ஜனவரியில் சான்ரேமோ கடலிலும் யாரும் குளிப்பதில்லை; பாட்டுக்குத்தான் வருகிறார்கள். பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. சித்திரை விசுவுக்குக் குற்றாலநாதர் கோவிலில் திருவிழா ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒட்டி, பள்ளி விடுமுறையில், மாலை நேரத்தில், மலையடிவாரக் காற்றில் மூன்று நாள் புதுத் தமிழ்ப் பாட்டுப் போட்டி. சினிமாப் பாட்டைத் திருப்பிப் பாடுவது வேண்டாம். புதுப் பாட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பாட வேண்டும், பரிசு பாட்டுக்கு. நடவுப் பாட்டும் தெம்மாங்கும் தெரிந்த பாட்டிமார் கீழப்பாவூர் வட்டாரத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இயந்திர நடவு வந்தபிறகு வயலில் அவர்கள் குரல் கேட்பதில்லை. அந்த மெட்டில் புதுப் பாட்டு கட்டுகிறவர்களுக்குத் தனி வரிசை கொடுக்கலாம். மேடையில் பொன்னாடையும் பிளாஸ்டிக் பூங்கொத்தும் கூடாது. மல்லிகைச் சரம், சம்பங்கி மாலை. எந்த ஊர்ப் பூ என்று மைக்கில் சொல்ல வேண்டும்.

ஆகவே வாசகரின் கேள்விக்கு நேர்ப் பதில்: இப்போது நடக்கிற காலத்தில் நடந்தால் விழாவால் உங்கள் பூ கூடுதலாக விற்காது. சித்திரையில் நடந்தால் கொஞ்சம் விற்கும். மேடைக்குப் போகிற பூ மொத்த மகசூலில் ஒரு சிட்டிகைதான். வெளியூர்க்காரர்கள் பெயர் தெரிந்து தேடி வாங்கத் தொடங்குவதுதான் பெரிய வரவு, அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை ஒரே பூவை நம்பி இருக்க வேண்டாம். இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் நிழலில் டிரசீனா, அஸ்பராகஸ் போன்ற வெட்டுத் தழைகளை ஐந்து சென்ட்டில் போட்டுப் பார்க்கலாம்; பூங்கொத்து கட்டுகிறவர்களிடம் முதலில் பேசிவிட்டு நடுங்கள். பாவூர்சத்திரம் பக்கம் காற்று வறட்சி அதிகம், நிழல்வலை இல்லாமல் அது சரிப்படாது.

விழாக் காலத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதென்றால், தனியாள் மனுவை விடக் கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம். பூ போடுகிற நாலு ஊர்க்காரர்கள் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு நகல் வீதம் அனுப்புங்கள். பங்குனி, சித்திரையில் உங்கள் மல்லிகை கிலோ என்ன விலைக்குப் போனது என்ற சந்தைச் சீட்டையும் கூடவே வைத்து அனுப்புங்கள்.