மூன்று மணிப் பால்

தீபாவளியை ஒட்டிப் பிறக்க வேண்டிய மகள், 2021இல் ஆடி முடியும் முன்பே வந்துவிட்டாள். 29 வாரம். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பனிக்குடம் உடைந்து மருத்துவமனைக்குப் போனதும் தொடையில் ஓர் ஊசி போட்டார்கள், 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. பீட்டாமெத்தசோன். பிள்ளையின் நுரையீரல் பழுப்பதற்கு என்றார் மருத்துவர். “இது இந்த ஊரில் கண்டுபிடித்தது, தெரியுமா?” என்றும் கேட்டார். வலியில் கிடப்பவளிடம் ஊர்ப்பெருமை பேசுகிறாரே என்று எரிச்சலாக வந்தது.

பிறகு படித்தபோது தெரிந்தது, பேசத் தகுந்த பெருமைதான். ஆக்லாந்து நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில் மான்ட் லிகின்ஸ் என்பவர், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று செம்மறியாடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றுக்குள் இருந்த குட்டிக்கு ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்தார். நாள் ஆகாமல் பிறந்த அந்தக் குட்டி, நம்ப முடியாத ஒன்றாக, மூச்சுவிட்டது. குழந்தை மருத்துவர் ராஸ் ஹவியோடு சேர்ந்து 1969இல் தாய்மார்களிடம் சோதனையைத் தொடங்கினார். முடிவு 1972இல் வெளியானது. உலகம் முழுக்க அது வழக்கத்துக்கு வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. ஆனால் ஆக்லாந்துத் தாய்மாருக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மகள் பிறந்ததும் மெல்லிசாக ஒரு சத்தம் போட்டாள். அதற்கு நான் ஏதோ ஓர் ஆட்டுக்குட்டிக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

மூச்சை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பால் என் பாடு.

பிரசவம் ஆன சில மணி நேரத்துக்குள் மிட்வைஃப் ஒரு மில்லி சிரிஞ்சு ஒன்றோடு வந்து நின்றார். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. கருவளையத்துக்குப் பின்னால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேர்க்க வேண்டும். நாலைந்து முறை ஒன்றுமில்லை. பிறகு மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு துளி. அதைத் தோலிலிருந்தே சிரிஞ்சால் உறிஞ்சினார். எங்கள் பக்கத்தில் இந்தச் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்த கிழவிகள் உண்டு. இங்கே அந்தத் துளிக்குப் பெயர், தேதி, நேரம் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, ஓட்டமாக எடுத்துப் போனார்கள். பஞ்சில் நனைத்து மகளின் கன்னத்துக்குள் தடவினார்களாம். அன்று முழுக்க எடுத்தும் சிரிஞ்சு நிறையவில்லை.

ஆகஸ்ட் 17, செவ்வாய்க்கிழமை. டெவன்போர்ட்டில் ஒருவருக்கு டெல்டா கொரோனா. மாலை 6 மணிக்குப் பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் தொலைக்காட்சியில் வந்தார். இரவு 11.59 முதல் நாடு முழுவதும் நான்காம் நிலை ஊரடங்கு. அன்றிரவுதான் எனக்குப் பால் கட்டியது. மார் இரண்டும் கல்லாகி, அக்குள்வரை வலி. பிள்ளை மருத்துவமனையில் குழாய்களோடு. நான் மவுன்ட் ராஸ்கில் வீட்டில், வாடகைக்கு எடுத்த பம்ப்போடு. டொமினியன் ரோட்டில் ஒரு வண்டி போகும் சத்தம்கூட இல்லை.

பம்ப் என்றால் அதுவரை கடையில் பார்த்த கைப்பொம்மை மாதிரியான சாமான்தான் எனக்குத் தெரியும். மருத்துவமனைத் தரத்துப் பம்ப் கனமானது. முதலில் படபடவென்று லேசாக இழுக்கும். பிள்ளை வாய்வைத்ததும் சப்புகிற வேகம் அது. பால் வரத் தொடங்கியதும் மெதுவாக, ஆழமாக இழுக்கும். பால்சுரப்பு ஆலோசகர் சட்டத்தைச் சொல்லிவிட்டார்: 24 மணி நேரத்தில் எட்டு முறைக்குக் குறையக் கூடாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே ஒருமுறை கட்டாயம். ஏனென்றால் புரோலாக்டின் சுரப்பது இரவில்தான் அதிகம். இரண்டாம் வார முடிவுக்குள் ஒரு நாளைக்கு 500 மில்லியைத் தாண்டிவிட்டால் பிறகு பயமில்லை. முதல் இரண்டு வாரத்தில் மார்பிடம் எவ்வளவு கேட்கப்படுகிறதோ, அதை வைத்தே அது பின்னாளுக்கு ஏற்பாடு செய்துகொள்கிறது.

கணவருக்கு இது உடனே பிடிபட்டது. அவர் வைக்காட்டோ பக்கத்துப் பண்ணைகளில் பால் கறக்கும் இயந்திரம் பழுது பார்ப்பவர். “மடியில பாலை விட்டுவச்சா அடுத்த வேளை கறவை குறையும். இங்க எந்த விவசாயியக் கேட்டாலும் சொல்லுவான்” என்றார். தேங்கிய பாலே ‘போதும், நிறுத்து’ என்று சுரப்பிகளுக்குச் சொல்லிவிடும் என்பது அறிவியலாரும் முதலில் ஆடுகளிடம் பார்த்துச் சொன்னதுதான். எனக்குத்தான் அவர் அப்படி ஒப்பிட்டது ரசிக்கவில்லை.

அந்தக் கட்டாய இரவு வேளை எனக்கு மூன்று மணி. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆக்லாந்தில் விடியற்காலை மூன்று என்றால் தூத்துக்குடியில் முந்தின இரவு எட்டரை. அம்மா அப்போது சாப்பிட்டுவிட்டு சீரியல் முன்னால் இருப்பாள். பேறுகாலத்துக்கு வர அவள் பெட்டியெல்லாம் கட்டிவைத்திருந்தாள். நியூசிலாந்து 2020 மார்ச் 19ஆம் தேதி மூடிய எல்லையை இன்னும் திறந்திருக்கவில்லை. 2021 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வருபவர்களைக் கொஞ்ச நாள் அடியோடு நிறுத்தியும் வைத்தார்கள். ஆகவே அவள் ஃபோனில் வந்தாள். சமையலறை மேசையில் ஃபோனை மிளகாய்ப்பொடி டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு நான் பம்ப்பைப் போடுவேன். சீரியலை ஊமையாக்கிவிட்டு அவள் பாட்டில் கோட்டைப் பார்ப்பாள்.

“ஏட்டி, இடது பக்கம் கொறச்சலா இருக்கே. ராத்திரி பூண்டு தின்னியா?”

“இல்லம்மா.”

“மாப்பிள்ளைய வைக்கச் சொல்லு. பிள்ளை பெத்தவ அடுப்புகிட்ட நிக்கப்பிடாது.”

மாப்பிள்ளை வைத்தார். பூண்டுக் குழம்பு, வெந்தயக் களி. ஒரு தோழி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போன உறைந்த முருங்கைக்கீரை. பால்சுறாப் புட்டுக்கு என்ன செய்வது என்று அம்மா கவலைப்பட்டபோது அவர்தான் கண்டுபிடித்தார், இங்கே சிப்ஸோடு பொரித்துத் தரும் லெமன்ஃபிஷ் உண்மையில் ஒரு சிறு சுறா என்று. சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டை வேகவைத்து, தோல் உரித்து, பிழிந்து உதிர்த்தார். அம்மா வீடியோவில் நின்று மஞ்சளும் மிளகும் போடும் நேரத்தைச் சொன்னாள். சாப்பிட்டு முடித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: பத்தியச் சாப்பாட்டில் பாதி மருந்து பூண்டில் இருக்கிறது என்றால், மீதிப் பாதி அதை வேறு ஒருவர் செய்து தருவதில் இருக்கிறது. நாளைக்கு எட்டு முறை, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம், அப்புறம் கழுவிக் கொதிநீரில் போடுவது என்று இருக்கிறவளுக்கு வெங்காயம் உரிக்க எங்கே நேரம்? ஊரில் பச்சை உடம்புக்காரியை நாற்பது நாள் மூலையில் உட்காரவைத்த கிழவிகளுக்கு புரோலாக்டின் தெரியாது, நேரக்கணக்கு தெரிந்திருந்தது.

இன்னொரு வேடிக்கை. பிள்ளைக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், இரவில் கிடையவே கிடையாது என்று உலகத்துக்கே கடிகாரம் கட்டிவிட்டவர் இந்த நாட்டு மருத்துவர்தான். ட்ரூபி கிங். 1907இல் டனீடினில் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கியவர். அவர் பேச்சைக் கேட்டு எத்தனை தாய்மாருக்குப் பால் வற்றியதோ. இப்போது அதே பிளங்கெட் தாதிகள் வீட்டுக்கு வந்து, இரவுப் பாலை விட்டுவிடாதீர்கள் என்கிறார்கள்.

செப்டம்பரில் எனக்குத் தொண்டை கரகரத்தது. கொரோனா பரிசோதனை முடிவு வந்து, கரகரப்பும் போகும்வரை வார்டுப் பக்கம் வரக் கூடாது என்றார்கள். நியாயம்தான், உள்ளே இருப்பதெல்லாம் கைப்பிடி உயிர்கள். கணவர் மட்டும் ஐஸ்கட்டி போட்ட குளிர்பெட்டியில் பாட்டில்களை அடுக்கிக் கொண்டுபோனார். நான் அதே மேசை, அதே பம்ப், அதே எட்டு முறை. ஆனால் கோடு இறங்கத் தொடங்கியது. ஒரு பாட்டில் நிறைந்த இடத்தில் பாதிதான் நின்றது. அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வி எதுவோ அதைத்தான் எல்லோரும் ஃபோனில் கேட்டார்கள்: “பால் இருக்கா?”

காரணம் இரண்டு என்று பிறகு தெரிந்தது. ஒன்றைக் கணவர் கண்டுபிடித்தார். புனலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு சவ்வு உண்டு. இழுக்கும்போது மூடி, விடும்போது திறக்க வேண்டியது. விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார், ஓரத்தில் மயிரிழையாக ஒரு கிழிசல். காற்று போகிறது, இழுவிசை விழுகிறது. பண்ணையில் மாட்டுக்கு ரப்பர் மாற்றுவதுபோலத்தான் என்று சொல்ல வந்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். புதுச் சவ்வு போட்டதும் கொஞ்சம் ஏறியது, முழுக்க ஏறவில்லை.

இரண்டாவதை அம்மா சொன்னாள். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் கன்று செத்த பசு ஒன்று இருந்தது. கன்றின் தோலில் வைக்கோல் திணித்து அதன் முன்னால் நிறுத்துவார்கள். அது நக்கிக்கொடுக்கும், பால் இறங்கும். “பிள்ளையப் பாக்காம எப்படிட்டி எறங்கும்?” பால் ஊறுவது ஒரு வேலை, ஊறிய பால் இறங்குவது வேறு வேலை. இறக்குவது ஆக்ஸிடோசின், அதற்குப் பிள்ளையின் வாசனையும் சத்தமும் வேண்டும். பதற்றமும் வலியும் அதைத் தடுத்துவிடும். மறுநாள் கணவர் மகளுக்கு அடியில் விரித்திருந்த துணித்துண்டை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். அதை மூக்கில் வைத்துக்கொண்டு, அவள் சிணுங்கும் பத்து வினாடி வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். வைக்கோல் கன்றுதான். ஆனாலும் மார்பில் அந்தக் குறுகுறுப்பு வந்தது, சொட்டிக்கொண்டிருந்தது பீய்ச்சியடித்தது.

வார்டுக்குத் திரும்பிய அன்று அவளை என் வெற்று நெஞ்சில் கவிழ்த்துவைத்தார்கள், கம்பிகளோடும் குழாயோடும். கங்காரு பராமரிப்பு என்பார்கள். பெயர்தான் இந்தப் பக்கத்து விலங்கு, பிறந்தது கொலம்பியாவில். 1970களின் கடைசியில் போகோட்டாவில் இன்குபேட்டர்கள் போதாமல், எட்கர் ரேய் என்ற மருத்துவர் தாய்மாரின் நெஞ்சையே இன்குபேட்டராக்கினார். அவளை இறக்கியதும் தாமதிக்காமல் பக்கத்திலேயே பம்ப் போடச் சொன்னார் தாதி. அந்த வேளைதான் கோட்டைத் தூக்கி நிறுத்தியது. இதோடு தினம் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு இழுப்பது: இருபது நிமிடம் போட்டு, பத்து நிமிடம் நிறுத்தி, பத்து போட்டு, பத்து நிறுத்தி, பத்து போடுவது. வளரும் பிள்ளை நச்சரித்துக் குடிப்பதை அப்படியே நடிப்பது. இதற்கும் மசியாவிட்டால் டாம்பெரிடோன் மாத்திரை உண்டு என்றார்கள். வாந்திக்குத் தருவது, புரோலாக்டினையும் கூட்டும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. எனக்கு அதுவரை போகவில்லை.

பால் எடுக்கும் அறையில் மாஸ்க்கோடு எட்ட எட்ட உட்கார்ந்திருப்போம். மாங்கேரேயிலிருந்து வந்த சமோவாக்காரப் பெண் ஒருத்தி, இரட்டைப் பிள்ளைக்காரி. பாட்டிலைப் பார்க்காதே, அதன்மேல் பிள்ளையின் காலுறையை மாட்டிவிடு என்று கற்றுத்தந்தவள் அவள்தான். ஒவ்வொரு சொட்டையும் எண்ணிக்கொண்டிருந்தால் இறங்காது.

கொண்டுபோன பாலை இரண்டு தாதிகள் பெயர் சரிபார்த்த பிறகே கொடுப்பார்கள். பிஸ்டன் கழற்றிய சிரிஞ்சை மூக்குக்குழாயில் செருகி, பாலை ஊற்றி, கணவர் கையில் கொடுப்பார்கள். தள்ளக் கூடாது, பாலே தன் கனத்தில் இறங்க வேண்டும். கையை உயர்த்தினால் வேகம், தாழ்த்தினால் நிதானம். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குறைமாதப் பிள்ளையின் குடல் அழுகிப்போகும் ஒரு நோய் உண்டு. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகளுக்கு அது வருவது குறைவு. அதனால்தான் அந்த வார்டில் பத்து மில்லி சிந்தினாலும் ஒருவரும் பேசமாட்டார்கள். 34 வாரத்தை ஒட்டித்தான் சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒன்றாகக் கூடிவரும். அதுவரை, பம்ப் போட்டு வெறுமையாக்கிய மார்பில் நக்கிப் பழகினாள்.

அக்டோபரில் வீட்டுக்கு வந்தாள். ஆக்லாந்து அப்போது மூன்றாம் நிலை ஊரடங்கில் இருந்தது. நேராக மார்பில் குடித்தாலும் பிறகும் சில வாரம் மூன்று மணிப் பம்ப்பை விடவில்லை. சிறு பிள்ளை சீக்கிரம் களைத்துவிடும், மிச்சத்தை எடுக்காவிட்டால் சுரப்பு இறங்கிவிடும். செப்டம்பர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்ததில் என் மூன்று மணி அம்மாவுக்கு ஏழரை ஆகிவிட்டது. இன்னும் சாப்பிடவில்லை என்று முணுமுணுப்பாள். ஃபோனை வைக்கமாட்டாள்.

எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஜூலை 31 இரவு. அம்மா வந்து சேர்ந்தபோது மகள் நடந்துகொண்டிருந்தாள். முதல் வேலையாகப் பரணில் கிடந்த பம்ப் பையை இறக்கி, ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தாள். கணவர் அந்தக் கிழிந்த சவ்வைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார். இதுதான் அத்தே எல்லாத்துக்கும் காரணம் என்று விளக்கினார்.

“அது கெடக்கட்டும் மாப்ள,” என்றாள் அம்மா, “அந்தக் கொழம்புக்கு எத்தன பல்லு பூண்டு போட்டீய?”